கோதுமை எடை கூடிய மாதம்

அத்தானின் சட்டையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் தும்மல்தான் வரும். சாயங்காலம் மில்லர்புரம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் அவருக்கு உள்ளே வர அனுமதி கிடையாது. அக்கா கதவை மறித்துக்கொண்டு நிற்பாள். அங்கேயே சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுக்க வேண்டும். அதைக் கொடியில் போட்டு, தென்னங்குச்சிகளைக் கற்றையாகப் பிடித்துக்கொண்டு தட்டு தட்டென்று தட்டுவாள். சணல் தூசியும் கோதுமை உமியும் புகை மாதிரி கிளம்பும். "கவர்மெண்டு கோதுமையில பாதி நம்ம வாசல்லதான் கெடக்கு. நாளைக்கு எவனாவது வந்து எம்மேல கேசு போடப் போறான், பாத்துக்கோங்க" என்பாள். அத்தான் பனியனோடு நின்று சிரிப்பார். கிளார்க்குகள், காவலாளிகள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று ஒரு பட்டாளத்தையே கட்டி மேய்க்கிற மேனேஜர். ஆனாலும் சொந்த வீட்டுக்குள் நுழைய எங்கள் அக்காவின் உத்தரவு வேண்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் நாசரேத். அத்தானுக்குச் சாத்தான்குளம். நான் படித்து முடித்துத் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஹாஸ்டலில் இருந்துகொள்கிறேன் என்றுதான் சொன்னேன். அக்கா விடவில்லை. "நான் குத்துக்கல்லு மாதிரி இங்கன இருக்கையில ஒனக்கு என்னளா ஹாஸ்டலு?" என்று என் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் முகத்தைத் தொங்கப் போட்டு நான் பார்த்ததும் இல்லை. அத்தான் என்னை முதல் நாளிலிருந்தே டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை நிஜ மரியாதை என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

அத்தான் பார்த்துக்கொண்ட இடத்தை ஆபீசில் டிப்போ என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது கிட்டங்கி. எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த சமயம். கோதுமைக் கப்பல் கரைக்கு வராது. ஆழக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும். அங்கிருந்து லாரியில் கிட்டங்கிக்கு. மூட்டை அடுக்குவதை அங்கே அட்டி போடுவது என்பார்கள். தரையில் மரச்சட்டம் பரப்பி, கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். ஓர் அட்டி எங்கள் வீட்டை விட உயரமாக இருக்கும். அப்படி எத்தனையோ அட்டிகள், எத்தனையோ கொட்டகைகள். ஒரு சனிக்கிழமை அக்காவும் நானும் சாப்பாடு கொண்டுபோனபோது அத்தான் எங்களைச் சுற்றிக் காட்டினார். கையில் குத்தூசி. ஒரு மூட்டையில் குத்தி, உள்ளங்கையில் விழுந்த கோதுமையில் ஒன்றை எடுத்துக் கடித்தார். "நல்லாக் காஞ்சதுன்னா டக்குன்னு ஒடையும், டீச்சரம்மா. ஈரம் ஏறுனா சவசவன்னு பல்லுல ஒட்டும்" என்றார். "இப்பிடிக் கடிச்சுக் கடிச்சே சோத்துக்கு முன்னால வயித்த ரொப்பிட்டு வந்துருதாரு" என்றாள் அக்கா.

அந்த மனுஷனுக்கு அந்த இடத்தின் மீது இருந்த கவலையைச் சொல்லி முடியாது. எலி, வண்டு, ஒழுகும் கூரை, நேரத்துக்கு வராத ரயில் வேகன், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இரண்டு மேஸ்திரிகள், வாசலில் நாள் முழுக்க ஹாரன் அடிக்கிற ரேஷன் லாரிகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது வெளியே தூற்றல் விழுந்தால், அத்தானின் கண் தன்னால் கூரைக்குப் போய்விடும். அக்கா முழங்கையால் ஓர் இடி இடிப்பாள். "ஆண்டவர் வீட்டுக் கூரைய அவரு பாத்துக்கிடுவாரு. நீங்க பாட்டுப் புஸ்தகத்தப் பாருங்க" என்று காதோரம் முணுமுணுப்பாள்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது அப்படி ஒரு மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். வலியை ரொம்ப நாள் மறைத்திருக்கிறாள், பாவி. ஊர் டாக்டர் வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆபரேஷன், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வைத்தியம் என்றார். அத்தான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. வேலூருக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் ஆபீசுக்கு, சின்ன நாற்காலியானாலும் சரி, மாற்றல் கொடுங்கள் என்று மேலிடத்தில் போய் நின்றார். மேலிடமும் இரங்கியது. மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. "டிப்போவ ஒப்படைச்சிட்டு ரெண்டே நாள்ல வந்துருதேன்" என்று சொல்லி, என்னையும் அக்காவையும் ரயிலேற்றிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். ரயில் நகர்ந்தபோது அக்கா ஜன்னல் வழியே, "துணிய ஊறப் போட்டுருக்கேன், அலசிக் காயப் போடுங்க" என்று கத்தினாள். அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே கூட ஓடி வந்தார்.

இந்த ஒப்படைக்கிற விஷயத்தை நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தையே புரட்டிப் போட்டது அதுதான். சாயங்காலம் எல்லாக் கொட்டகையையும் பூட்டி அரக்குமுத்திரை வைத்து, சாவிகளை ஓர் இரும்புப் பெட்டியில் போட்டு விடுவார்கள். அந்தப் பெட்டியின் சாவி மட்டும் மேனேஜரிடம் இருக்கும். அதை இன்னொருவர் கையில் கொடுப்பதற்குச் சார்ஜ் கொடுப்பது என்று பேர். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டால், அந்தக் கூரைகளுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு மணியும் அவர் தலையில். பின்னால் ஏதாவது குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் சுலபத்தில் யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள். இருந்தாலும் ஒரு நடைமுறை உண்டு. மூட்டைகளை எண்ணிப் பார்ப்பார்கள், அட்டியைச் சுற்றி வருவார்கள், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எல்லா மூட்டையையும் எடை போட்டு எடுப்பதென்றால் ஆகிற காரியமா?

புதிதாக வந்த மேனேஜர் மழையே காணாத உள்நாட்டு ஊர்களில் வேலை பார்த்தவர். முந்தின இடத்தில் யாரோ செய்த திருட்டுக்கு இவர் மாட்டிக்கொண்டு சீரழிந்திருக்கிறார். அதனால் எதைப் பார்த்தாலும் சந்தேகம். அட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, கையெழுத்துப் போடவில்லை. அத்தானுக்கோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம். கூடவே, என்னைச் சந்தேகப்படுகிறாயா என்ற ரோஷமும் சேர்ந்துகொண்டது. "நீங்களே ஒரு அட்டியக் கை காட்டுங்க சார். எடை போட்டே காட்டுதேன். ஒரு மணி கொறஞ்சாலும் என்னையக் கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காத எடையை அவரே வலியப் போய்க் கேட்டு வாங்கினார். அத்தனை வருஷம் கிட்டங்கியைக் கட்டி ஆண்ட மனுஷன், குறைவதைப் பற்றி மட்டும் நினைத்தார். கூடுவதைப் பற்றி நினைக்கவில்லை.

எடை கூடிவிட்டது. அந்தக் கோதுமை வந்து இறங்கியது சித்திரை வெயிலில். இப்போது கார்த்திகை. விடாத மழை, ராவும் பகலும் ஈரக் கடற்காற்று. அடுப்படியில் உப்பு ஜாடி கசிந்து நிற்கிற மாதிரி, தானியமும் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். மூட்டைக்கு மூட்டை கொஞ்சம் கனம் ஏறியிருக்கும். எங்கள் கடற்கரையில் இது யாருக்கும் புதிதில்லை. ஆனால் புது மேனேஜர் பார்த்த ஊர்களில் வெயிலில் எடை குறையும், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த கூடுதல் ஒன்றே ஒன்று. மூட்டையைத் திருடி விற்றுவிட்டு, மிச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டுகிற திருட்டு. "குறைஞ்சிருந்தாக்கூட நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் சார். இது எப்படி சார் கூடும்?" என்று கேட்டாராம். ஈரக் காற்றுதான் காரணம் என்று அத்தான் எவ்வளவோ சொல்லியும் நம்பாமல் மேலே எழுதிப் போட்டார். எல்லா அட்டியையும் பிரித்து, பழைய மேனேஜர் முன்னிலையில் எடை போட வேண்டும் என்று பதில் வந்தது. சோதனை நடக்கிற இடத்தின் சாவியை வேறு யாரும் தொட மாட்டேன் என்றார்கள். அத்தானுக்கு லீவும் இல்லை. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சொன்னால், எல்லாருக்கும் வருத்தம்தான். வருத்தப்பட்டுக்கொண்டே தராசைக் கொண்டுவந்து போட்டார்கள்.

இதெல்லாம் அத்தான் தினமும் எழுதுகிற இன்லண்ட் லெட்டரில் எங்களுக்கு வேலூரில் வந்து சேரும். அதற்குள் அங்கே அக்காவின் வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே தைத்துவிட்டார்கள். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அக்கா என் கண்ணைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அத்தானுக்கு உண்மையை எழுதினேன். அவரிடமிருந்து வந்த பதிலில் பாதி எழுத்து கலைந்திருந்தது. அந்தப் பகுதியை அக்காவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. இன்றைக்கு இந்த அட்டி பிரித்தோம், இதிலும் எடை கூடுது, மழை விடவில்லை என்கிற பகுதியை மட்டும் படித்தேன். ஆஸ்பத்திரியில் காலையில் நர்ஸ் வந்து அக்காவையும் எடை பார்ப்பாள். வரவர அவளைத் தூக்கி நிறுத்த எனக்கு ஒரு கை போதுமாயிருந்தது. ஒருநாள் கடிதத்தைக் கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள். "அங்கன மூட்டையெல்லாம் ஊதுது. இங்கன நான் வத்துதேன். ரெண்டையும் கூட்டிக் கழிச்சாப் போதும்ளா, ஒங்க அத்தான் கணக்கு சரியா வந்துரும்" என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மாகூடச் சிரித்துவிட்டார். நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் வந்து நின்றார். சனிக்கிழமை சாயங்காலம் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு, மதுரைக்கு வந்து பஸ் மாறி, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கன்னம் ஒட்டி, தாடி முளைத்து, என் அத்தான் மாதிரியே இல்லை. கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார்ஜ் குடுத்தாச்சா?" என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில். "குடுத்துட்டேன். எல்லாம் முடிஞ்சுது. இனி இங்கனதான் கெடப்பேன். நீ தொரத்துனாலும் போகமாட்டேன்" என்றார் அத்தான். அக்கா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்லுவேன்! கஞ்சியைத் தொடாமல் கிடந்தவள், அன்றைக்கு அவர் கையால் ஊட்டினதை வாங்கிக்கொண்டாள். ஊறப் போட்ட துணியை அலசினீர்களா என்று கேட்டாள். அலசினேன், ஆனால் உன் நீலச் சேலைச் சாயம் என் வேட்டியிலெல்லாம் ஏறிவிட்டது என்றார். அதற்கு அவள் திட்டினாள். அவர் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு சந்தோஷமான காலை நேரம் அந்த வார்டில் எங்களுக்குக் கிடைத்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தானின் கை இடுப்பு மடிப்புக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அது அவருக்குத் தெரியாமலே செய்கிற காரியம். சாவி இருக்கிறதா என்று பார்க்கிறது. சாப்பிடும்போதும், ஜெபம் பண்ணும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும் அந்தக் கை அப்படித்தான் போய்விட்டு வரும். அன்றைக்கும் மடிப்பில் சாவி புடைத்துக்கொண்டு தெரிந்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். ஐயோ மனுஷா, என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். அவர் சார்ஜ் கொடுக்கவில்லை. சாவியோடு ஓடி வந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை அங்கே பெட்டி திறக்காது. லாரிகள் நிற்கும். ஏற்கெனவே திருட்டுச் சந்தேகத்தில் இருக்கிறவர் சாவியோடு காணாமல் போனார் என்றால் போலீஸ்தான் வந்து பூட்டை உடைக்கும். இத்தனையும் தெரிந்தேதான், இருந்துவிடுவது என்று வந்திருக்கிறார். அக்காவுக்கும் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை வருஷம் அந்தச் சாவியோடுதானே அவளும் குடித்தனம் நடத்தினாள்.

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம், ரொம்பச் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள். "ஏங்க, சார்ஜ் குடுத்தா மட்டும் போதுமா? அவரு புது மனுசன். எந்தக் கூரை ஒழுகும், எந்த மேஸ்திரிக்கு யாரோட ஆகாதுன்னு அவருக்கு என்ன தெரியும்? கூட நின்னு காட்டிக் குடுத்துட்டு வாங்க. எனக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவல. கஞ்சிகூடக் குடிச்சேன்லா." அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பொய்யை உடைக்காமல், அதன் மேலேயே ஒரு வழி போட்டுத் தன்னைத் திருப்பி அனுப்புகிறாள் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். "போகட்டுமா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். "போயிட்டு வாங்க. நான் எங்க ஓடிப்போறேன்?" என்றாள். அவள் நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணினார். பாதியில் குரல் உடைந்துபோய், ஆமென் மட்டும் சொல்லி எழுந்தார். மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்கிற வரைக்கும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியாளா, மனுசனுக்கு ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியல" என்று சிரித்தாள். உடனேயே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "போகாதீங்கன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சுளா. அப்பிடியே புடிச்சு வச்சுக்கிடணும்போல இருந்துச்சு" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அத்தான் அதற்குப் பிறகு ரொம்ப காலம் இருந்தார். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வேறு ஊர்களில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி, நாசரேத்தில் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே வந்து தங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். புது மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. "அவரு எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன், டீச்சரம்மா" என்பார். அவருக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. எனக்கு இல்லை. நான் அந்த ஆளை இன்றைக்கும் திட்டுவேன், செத்த பிறகும் திட்டுவேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது அதே மாதிரி ஒரு கிட்டங்கியில் அதிகாரியாக இருக்கிறாள். போன மாதம் பார்க்க வந்திருந்தாள். ஈரம் பார்க்க இப்போது கையடக்க மெஷின் இருக்கிறது டீச்சர், மழைக்காலத்தில் எடை கூடத்தான் செய்யும் என்று எங்களுக்கு முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள் என்றாள். சந்தோஷம் அம்மா என்றேன். அவள் போன பிறகு எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு சின்ன விஷயம். அந்தப் புது மேனேஜர் நம்பும்படி இதைச் சொல்ல அன்றைக்கு ஓர் ஆள் இல்லாமல் போனதே!

ஆள் இல்லாமலும் இல்லை. அத்தான் திரும்பிப் போய்ச் சேர்ந்த திங்கட்கிழமையே மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருக்கிறார். கோதுமையை அள்ளிப் பார்த்துவிட்டு, கடற்கரையில் இது சகஜம்தானே, இதற்கா இத்தனை நாள் என்று கேட்டிருக்கிறார். புது மேனேஜர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அத்தான் வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறிவிட்டார். செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் அக்கா என் மடியில் தலை வைத்தபடியே அடங்கிப்போனாள். நான் கொடுத்த தந்தி தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அத்தான் வேலூருக்கு வந்துகொண்டிருந்தார். அக்காவின் சேலைகளை மூட்டையாகக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் வார்டு வாசலுக்கு வந்தபோது, அவர் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்துகொண்டிருந்தார். சட்டையெல்லாம் கோதுமைத் தூசி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மூச்சு வாங்க, இரண்டு கையையும் விரித்து என் முன்னால் காட்டினார். "டீச்சரம்மா, இந்தத் தடவ நெசமாவே குடுத்துட்டேன். வா, அவகிட்டச் சொல்லுவோம்" என்றார்.